மீன் கொண்டு வந்தவனும் கள்ளை மறித்தவனும்

ஈழத்துப் பொப்பிசை என்றால் தமிழ்நாட்டில் உடனே வாயில் வருவது ‘சுராங்கனி’. கொஞ்சம் வயது போனவராக, இலங்கை வானொலியோடு வளர்ந்தவராக இருந்தால் ‘சின்ன மாமியே’யும் வரும். அதற்கப்பால் கேட்டால் கதை நின்றுவிடும். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, அதுவும் ‘சின்ன மாமியே’ பாடிய அதே நித்தி கனகரத்தினத்தின் பாட்டுத்தான் என்றால், “அப்படியா, கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்” என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. இங்கே ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ‘சுராங்கனி’, ‘கள்ளுக்கடை’ இரண்டும் தெரியும். இளசுகளுக்கு ‘சுராங்கனி’ மட்டும் தெரியும். அதையும் இந்தியாக்காரரின் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒன்று மீன் கொண்டு வருகிறது, மற்றது கள்ளை வேண்டாம் என்கிறது. பொரித்த மீனுக்கும் பனங்கள்ளுக்கும் உள்ள உறவை அறிந்தவர்களுக்கு இந்தச் சோடிப் பொருத்தத்தை விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டும் பைலாவின் துள்ளலில் பிறந்தவை. ஆனால் ஒன்று கடலைத் தாண்டிப் பல மொழிகளுக்குள் புகுந்தது. மற்றது ஈழத்தமிழர் போன இடங்களுக்கு மட்டும் அவர்களின் பெட்டியோடு போனது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரிய பாட்டு ‘சுராங்கனி’, நல்ல பாட்டு ‘கள்ளுக்கடை’.

பைலா எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. போர்த்துக்கேயரும், அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து கூட்டி வந்த கஃபிர் மக்களும் இலங்கையின் கரையோரங்களில் விட்டுப்போன தாளம் அது. 1940களில் வொலி பஸ்டியன்ஸ் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்கள மேடைப் பாட்டாக்கினார். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். ஆறெட்டு என்று மேல்நாட்டார் எண்ணும் அந்தத் தாளத்தை நம் வித்துவான்கள் திஸ்ர நடை என்று எண்ணுவார்கள். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்துக் கோவில்களை இடித்தவர்கள். அவர்களுடைய ஆட்டத் தாளமும், திரும்பக் கட்டிய கோவில்களின் வீதியில் காவடி ஆடுகிறவர்களின் கால்களும் ஒத்துப்போனது வரலாறு செய்த பகிடி. பைலாவுக்கு ஆட யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செடில் குத்தித் தவிலுக்கு ஆடின கால், கிட்டாருக்கும் ஆடியது.

தமிழில் இந்த வகைப் பாட்டைத் தொடக்கியவர்களில் திருகோணமலையின் பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களை முன்னால் வைக்க வேண்டும். அவர்களின் ‘உனக்குத் தெரியுமா’ இசைத்தட்டு இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர். அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கும்போது சக மாணவர்களுக்காகப் பாடியதுதான் ‘சின்ன மாமியே’. விடுதிப் பொடியளின் பம்பலாகத் தொடங்கிய பாட்டு, வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் போனது.

உரும்பிராயிலிருந்து சைக்கிளில் சிறிது தூரம் மிதித்தால் மருதனார்மடம் வந்துவிடும். அங்கே 1960இல் இராமநாதன் நுண்கலைக் கல்லூரி தொடங்கியது. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகள் காலையில் சரளிவரிசை பாடிக்கொண்டிருந்த ஊர்கள் இவை. அளவெட்டியில் தவில் மேதை தெட்சணாமூர்த்தி. காங்கேசன்துறையில் ‘மயான காண்டம்’ நாடகத்தால் ஊர்களை விடிய விடிய விழித்திருக்க வைத்த வி. வி. வைரமுத்து. இத்தனை கனமான இசைக்கு நடுவில் ஒருவன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து மாமியின் மகளைப் பற்றிப் பாடினால் பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. சொன்னார்கள்தான். ஆனால் பொடியள் கேட்கவில்லை. மாமிமாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

‘சுராங்கனி’யைப் பாடிய ஏ. ஈ. மனோகரன் வேறு சாதி மனிதர். அவர் பாட்டை மேடையில் நின்று பாடியவர் இல்லை, மேடை முழுவதும் ஓடிப் பாடியவர். உயரம், தாடி, உடம்பை வளைத்து ஆடும் ஆட்டம், கூட்டத்தைப் பார்த்து விடும் சத்தம் எல்லாம் சேர்ந்துதான் அவர் பாட்டு. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டம் பாட்டுக்காக மட்டும் வந்ததென்று நான் நினைக்கவில்லை. ‘மால் மருகா’ என்று முருகனையே பொப்பிசைக்குள் இழுத்து வந்தவர் அவர். 1978இல் வெளியான ‘வாடைக்காற்று’ படத்திலும் நடித்தார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய, நெடுந்தீவுக் கரையில் நடக்கும் மீன்பிடிகாரரின் கதை. மீனைப் பாடியவருக்கு மீனவர் படமும் வாய்த்தது. பிறகு தமிழ்நாட்டுக்குப் போனார். அங்கே அவர் ‘சிலோன் மனோகர்’. தமிழிலும் மலையாளத்திலும் வில்லன் வேடங்களில் அடி வாங்கினார், தொலைக்காட்சித் தொடர்களில் வந்தார், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இரங்கற் செய்தி எழுதியவர்கள் அத்தனை பேரும் தவறாமல் எழுதிய ஒரு சொல் ‘சுராங்கனி’.

இந்த இரு பாட்டுகளும் எழுபதுகளில் இவ்வளவு ஓடியதற்குக் கலைக் காரணத்தை விடப் பொருளாதாரக் காரணம் பெரியது. 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதியை இறுக்கியது. வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவது நின்றது. கொழும்பில் பாணுக்கு வரிசையில் நின்ற அந்த வருடங்களில் உரும்பிராய், கோண்டாவில், இணுவில், ஏழாலை செம்மண் தோட்டங்களில் காசு விளைந்தது. இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல வரவில்லை. கையில் காசு இருக்கிறது, இந்தியச் சரக்கு குறைவு. உள்ளூர்ப் படம், உள்ளூர் நாவல், உள்ளூர்ப் பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரு வாசல் திறந்தது. காணிவேல் மேடைகளில் பொப் இசைக்குழுக்கள் ஏறின. 1977இல் அரசு மாறி இறக்குமதி திறந்துவிடப்பட, கசற் பிளேயர்கள் கப்பலில் வந்தன. அவற்றோடு இளையராஜாவும் வந்தார். ஈழத்துப் பொப்பிசையின் பொற்காலம் அந்த வருடத்திலேயே முடிந்துவிட்டது என்று நான் சொல்வேன். அதே 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் ‘சுராங்கனி’யைப் பாடினார். நம்மூர்ச் சந்தையைப் பிடித்த இளையராஜா, போகிற வழியில் நம்முடைய ஒரு பாட்டையும் எடுத்துப் போனார் போலும்.

எடுத்துப் போக வசதியான பாட்டு அது. ‘சுராங்கனி’யின் பல்லவி சிங்களம். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்திருக்கிறேன், இப்போதுதான் கொண்டு வந்த மீன் என்பதற்கு மேல் அதில் விஷயம் கிடையாது. அந்தப் பல்லவியை ரயில் என்ஜின் என்று வைத்துக்கொண்டால் சரணங்கள் பெட்டிகள். எந்த ஸ்ரேஷனிலும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தந்த ஊரின் பெட்டியைக் கொழுவிக்கொள்ளலாம். தமிழ், மலையாளம், இந்தி, கொங்கணி என்று கொழுவினார்கள். கல்லூரிச் சுற்றுலா பஸ்ஸில் பின் ஆசனக்காரர்கள் தங்கள் வகுப்புத் தோழிகளின் பெயரைப் போட்டுப் பாடுகிறார்கள். பல்லவியின் பொருள் தெரியாமலே பாடுகிறார்கள், அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பொருள் தெரிய வேண்டிய அவசியத்தை அந்தப் பாட்டு யாருக்கும் வைக்கவில்லை. கேட்பவன் சேர்ந்து பாட நாலு நிமிடம் வேண்டாம், நாற்பது வினாடி போதும்.

‘கள்ளுக்கடை’யில் கழற்றிவிட ஒரு பெட்டியும் கிடையாது. தலைப்பிலேயே கட்டளை. அது அடுத்த மூச்சில் கெஞ்சலாக இறங்குகிறது. ஒருவன் குடிக்கப் போகிறான், இன்னொரு குரல் வழியை மறிக்கிறது. இது உபதேசப் பாட்டா, பகிடிப் பாட்டா? உபதேசமென்றால் ஏன் இந்தத் துள்ளல்? பகிடியென்றால் ஏன் இந்தக் கெஞ்சல்? இரண்டுக்கும் நடுவில் பாட்டு நின்றுகொண்டு கண்ணடிக்கிறது. இதை முழுதாக அனுபவிக்க யாழ்ப்பாணத்தானுக்கும் கள்ளுக்கும் உள்ள பழைய வழக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே கொடுத்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்தில் கள்ளுண்ணலைப் பாவங்களின் வரிசையில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினார். அவரோடு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அமெரிக்க மிஷனரிமார் கூட இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுவிலக்குச் சங்கங்கள், தவறணையை மூடச் சொல்லி வாக்கெடுப்புகள், ஊர்வலங்கள். இத்தனைக்கும் நடுவில் பனை தன்பாட்டில் பாளை விட்டுக்கொண்டிருந்தது. சீவுகிறவர்கள் விடியவும் பின்னேரமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்பில் இருந்தது பாவமும் புண்ணியமும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாட்டின் பாதி போய்விடும். பாட்டின் தலைப்பில் இருப்பது கள்ளுக்கடை, ஊரின் வாயில் இருப்பது தவறணை. கிடுகு வேய்ந்த கொட்டில், மணல் தரை, வாங்கு, பனையோலையில் கோலிய பிளா. கள்ளைச் சீவி இறக்கியவரின் சாதிக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதவர், தேநீர்க் கடையில் அவருக்குப் போத்தலில் தேநீர் கொடுத்தவர், அவர் கையால் இறக்கிய கள்ளுக்கு மட்டும் தீட்டுப் பார்க்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் தேநீர்க் கடைப் பிரவேசம், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசற் போராட்டம், எல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் இந்தப் பாட்டும் வருகிறது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972. எழுபதுகளில் சீவல் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து, தனியார் குத்தகைக்காரரிடமிருந்து தவறணை அவர்கள் கைக்குப் போனது. தவறணைப் பக்கம் போகாதே என்று ஒருவர் பாடும்போது, அங்கே போகாவிட்டால் யாருடைய உலை எரியாது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பாட்டு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மத்தியதர வர்க்கத்து வீட்டின் திண்ணையில் நின்று தெருவைப் பார்க்கும் பாட்டு அது. அதன் எல்லை அது. ‘சுராங்கனி’க்கு இப்படியொரு எல்லை கிடையாது. எல்லை என்று சொல்ல அதற்கு ஓர் இடமும் கிடையாது. மீன் எந்தத் துறையில் பிடித்தது, கொண்டு வந்தவன் சம்மாட்டியா கூலிக்குப் போனவனா, ஒன்றும் தெரியாது.

‘சுராங்கனி’யைப் பற்றி எழுத வருகிறவர்கள் அதில் சிங்களமும் தமிழும் கைகோத்து நிற்பதைக் கண்டு உருகுவார்கள். எனக்கு அந்த உருக்கத்தில் பங்கில்லை. அந்தப் பாட்டு ஓடிய பத்தாண்டில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. 1972இன் அரசியலமைப்பு வந்தது. 1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் உயிர்கள் போயின. அதே மண்டபத்துக்கு எதிரே உள்ள முற்றவெளியில் காணிவேல் வெளிச்சங்கள் எரிந்ததும் அந்தக் காலத்தில்தான். மேடையில் சிங்களப் பல்லவிக்குக் கை தட்டிய பொடியன் மறுநாள் காலையில் தரப்படுத்தலுக்கு எதிரான ஊர்வலத்தில் நின்றிருக்கக் கூடும். அவனுக்கு அதில் முரண் தெரிந்திராது. எனக்கும் தெரியவில்லை. பாட்டு நாட்டைச் சேர்க்கவில்லை என்று அதைக் குற்றம் சொல்ல முடியாது. சேர்த்தது என்று பொய்யாகப் பட்டம் கொடுக்கவும் தேவையில்லை.

நான் ‘கள்ளுக்கடை’யைக் கண்டெடுத்தது ஒரு கசற்றின் வாலில். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் றெக்கோடிங் பார் என்றொரு கடை வகை இருந்தது. விருப்பமான பாட்டுகளைத் துண்டில் எழுதிக் கொடுத்து, வெறும் கசற்றும் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசற்றில் ஒரு பக்கத்துக்கு அரை மணி. ஆறேழு சினிமாப் பாட்டுப் போட்டால் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். அதை வெறுமையாக விட மனமில்லாத கடைப் பொடியன் ஏதாவது சின்னப் பாட்டை அங்கே செருகுவான். பொப் பாட்டுகள் சின்னவை, அளவாகப் பொருந்தும். சில வேளை பாட்டு முடியுமுன் நாடா முடிந்து ‘கிளிக்’ என்று நிற்கும். துண்டில் எழுதாத பாட்டு, கசற்றின் உறையிலும் பெயர் இருக்காது. எங்கள் தலைமுறையில் நிறையப் பேருக்கு ஈழத்துப் பொப்பிசை இப்படி வாலாகத்தான் அறிமுகம்.

தொண்ணூறுகளில் அந்தக் கசற்றுகளைக் கேட்ட விதம் வேறு. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவை முட்ட விட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவின் வயரை ரேப் றெக்கோடரில் கொழுவுவோம். சுற்றுகிற கை சீராக இருந்தால் பாட்டுச் சீராக வரும். கை அலுத்தால் நாடா இழுபடும், குரல் கிணற்றுக்குள் போகும். சினிமாச் சோகப் பாட்டுகள் அந்த இழுவையைத் தாங்கின. துள்ளல் பாட்டுத்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘கள்ளுக்கடை’ வரும்போது பக்கத்தின் கடைசி, சுற்றுகிறவன் களைத்திருப்பான். அதனால் அந்தப் பாட்டு எப்போதும் பாதி வேகத்தில், உண்மையாகவே யாரோ ஒருவர் காலைப் பிடித்து அழுவது போல வந்தது. “டேய், சுத்தடா” என்று யாராவது சத்தம் போட்டால், திடீரென்று வேகம் பிடித்து, அழுதவர் எழும்பி ஆடுவார். போர் முடிந்தபின் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரின் கைபேசியில் அதைச் சரியான வேகத்தில் கேட்டபோதுதான், நித்தியின் குரல் எவ்வளவு இலேசானது, சிரிப்பை எவ்வளவு கவனமாக உள்ளே மடித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்தது. மனோகரன் குரலை வெளியே எறிகிறார். நித்தி குரலைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல விடுகிறார். மேடைக்கு முன்னது, விறாந்தைக்குப் பின்னது.

பழைய துள்ளல் பாட்டொன்றைத் தேடிப் பிடிப்பது இப்போது உலகம் முழுவதும் ஒரு பொழுதுபோக்கு. ஜப்பானியப் பாடகி மிகி மத்சுபாராவின் முதல் பாட்டு 1979இல் வந்தது. அவர் 2004இல் இறந்துவிட்டார். 2020இல் அந்தப் பாட்டு இணையத்தில் திடீரென்று எழுந்து, அது வெளியானபோது பிறந்தே இராத பிள்ளைகளால் பல நாடுகளில் கேட்கப்பட்டது.  ஜப்பானியரின் பாட்டு இலேசில் தொலையாது. வெளியிட்ட நாள், தட்டின் இலக்கம், மறுபக்கப் பாட்டின் பெயர், கிட்டார் வாசித்தவர் யார் என்பது வரை கம்பனியின் கையில் இருக்கும். அங்கே ஒரு பாட்டை ‘மீளக் கண்டெடுப்பது’ என்றால், வைத்த இடத்தில் இருந்ததைத் தூசு தட்டி எடுப்பதுதான்.

இங்கே வைத்த இடமே இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். இசைத்தட்டுகளுக்கு அப்படியொரு கட்டடம் கூட இருந்ததில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் சனம் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று கையில் கொண்டு போனார்கள். ஒரு கிராமபோன் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் இருந்தால் அவரை நான் பார்க்க விரும்புகிறேன். தப்பியவை, அதற்கு முன்பே கொழும்புக்கோ ரொறொன்ரோவுக்கோ இலண்டனுக்கோ போனவர்களின் பெட்டிக்குள் போனவை. நித்தி கனகரத்தினமே அவுஸ்திரேலியாவில் மெல்பேர்னில் குடியேறினார். இன்று நாம் கேட்கும் பதிவுகளில் பலவும் தட்டிலிருந்து கசற்றுக்கு, கசற்றிலிருந்து கணினிக்கு என்று வந்தவை. சில இடத்தில் ஊசி கீறும் சத்தம், சில இடத்தில் றெக்கோடிங் பார் பொடியன் அவசரமாக நிறுத்திய வெட்டு. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களை மின்வடிவாக்கிச் சேர்த்து வைத்திருப்பதால் எழுபதுகளின் ஒரு சிற்றிதழின் மூன்றாவது இதழை நான் வீட்டில் இருந்தே வாசிக்கலாம். அதே காலத்து இசைத்தட்டுகளுக்கு அப்படியொரு முழுமையான பட்டியல் வேண்டும். ‘சுராங்கனி’க்கு அது தேவைப்படாது. ஆயிரம் வாய்கள் அதை வைத்திருக்கின்றன. யார் பாடியது என்பது மறந்தாலும் பாட்டு இருக்கும், பாதி மறந்தேவிட்டது. ‘கள்ளுக்கடை’க்கு வாய்கள் குறைவு. ஒரு தட்டுப் போனால் அதன் ஒரு பங்கு போய்விடும்.

இரண்டில் எது நன்றாக வயதேறியிருக்கிறது என்று கேட்டால், ‘சுராங்கனி’க்கு வயதே ஏறவில்லை. ஏறுவதற்கு அதற்குள் காலம் என்று ஒன்று இல்லை. இப்போது கலியாண மண்டபங்களில் டிஜே போடும் துரித வடிவத்தில் மனோகரனின் குரல் கூட இல்லை. இன்னொருவர் பாடியது, இன்னொருவர் வெட்டி ஒட்டியது. சாப்பாடு முடிந்து நாற்காலிகளைத் தள்ளி வைத்ததும் அதைப் போட்டால் மாமாமார் எழும்புவார்கள், பிறகு யாரும் கேட்காமலே மாமிமாரும். சோக்கான வேலை செய்கிற பாட்டு. அந்த வேலைக்கு அதைவிட நல்லதொன்று இல்லை.

‘கள்ளுக்கடை’யை அதே இடத்தில் போட்டால் முதலில் சிரிப்பு வரும், பிறகு ஆட்டம் வரும். மண்டபத்துக்குப் பின்னால் வான் கதவைத் திறந்து வைத்துப் போத்தலோடு நிற்பவர்கள்தான் அதற்கு மிக உரத்துப் பாடுவார்கள். குடிக்காதே என்ற பாட்டைக் குடித்துவிட்டுப் பாடும் இந்த வழக்கம் எழுபதுகளிலேயே தொடங்கிவிட்டதாக மூத்தவர்கள் சொல்கிறார்கள். நித்தி அதை எதிர்பார்த்தே அந்த மெட்டைப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். கண்டிப்புக்கு ஏற்ற மெட்டைப் போட்டிருந்தால் மதுவிலக்குச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒரு முறை பாடி முடிந்திருக்கும்.

வயது ஏறியிருப்பது அதன் பொருளில். திக்கம் வடிசாலையில் பனஞ்சாராயம் வடித்தார்கள். கள் போத்தலில் அடைபட்டு வெளிநாட்டுக்கும் போகிறது. கூட்டுறவுத் தவறணைகள் இன்றும் பின்னேரங்களில் திறக்கின்றன, ஆனால் மரம் ஏற ஆள் குறைகிறது. ஏறுகிறவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அது நல்லதுதான். ஊர்க் கூட்டங்களில் இப்போது பேச்சு கள்ளைப் பற்றியதில்லை. கசிப்பு, கஞ்சா, அதையும் தாண்டிப் பள்ளிக்கூடப் பொடியளின் சட்டைப் பைக்குள் வந்துவிட்ட ‘ஐஸ்’. அண்மையில் வடமராட்சிப் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். வளர்ந்த இரண்டு பொடியளின் தாய் அதை முழுதும் கேட்டு, சிரித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கள்ளுக்கடையோட நிண்டாலே காணும், தம்பி.”